சுறா எண்ணெய் பூசிய கிட்டார்

என் கணவர் தோணி திருத்துகிறவர். மரத்தில் எதைச் செய்தாலும் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதுதான் அவர் புத்தியில் முதலில் நிற்கும். எங்கள் வீட்டு அலுமாரியைக் கடலில் தள்ளிவிட்டாலும் மிதக்கும். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், எரிச்சலோடும் சொல்லலாம். அண்ணனுடைய மகளின் கலியாணத்துக்கு முந்திய நாட்களில் நான் எரிச்சலோடுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்தை விட்டுப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் தகப்பன் ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் பெண் வாகனத்தில் ஏறுவாள். என் கலியாணத்தில் அப்பா ஒரு பாட்டோடு விடாமல் அடுத்தடுத்துப் பாடி, மாப்பிள்ளை வீட்டாரை வெயிலில் காயவைத்தார். அந்தக் கதையை இவர், என் கணவர், இன்னும் விடவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் அண்ணன் பாட, நான் கிட்டார் வாசித்து வளர்ந்தவள். ஆகவே மருமகளின் கலியாணத்தில் யார் பாடுவது, யார் வாசிப்பது என்று ஒருவரும் கேட்கவே இல்லை.

அதற்கிடையில் அண்ணனுக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. ஆள் தப்பியதே பெரிய காரியம் என்று ஆறுதல் பட்டோம். ஆனால் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்ட குரல் போய், பக்கத்து அறையில் யாரோ கதைப்பது மாதிரி ஒரு சின்னக் குரல்தான் மிஞ்சியது. என்னுடைய கிட்டாரோ கடையில் வாங்கிய பெரிய உடம்புக்காரி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அதை வைத்து அண்ணன் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது வரியிலேயே அண்ணன் நிறுத்திவிட்டார். மைக் வைப்போம் என்றேன். மைக்கில் மூச்சு இழுப்பதும் சேர்ந்து கேட்கும், வேண்டாம் என்றார்.

“ஏலாது தங்கச்சி. போனில ஒரு பாட்டைப் போட்டு விடுவம். ஆர் பாடினா என்ன.”

மருமகள் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா பாடாட்டி நான் ஏறமாட்டன்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குசினிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டித் தீர்த்தேன். இவர் போனை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். நாலைந்து நாள் அதே கோலம்தான். கிட்டார் செய்கிற வீடியோக்கள். இப்போது புதிதாகக் கிட்டார் செய்கிறவர்கள் பழைய கிட்டார்களின் சத்தத்தைத் தேடிப் போகிறார்களாம். சின்ன உடம்பு, மெல்லிய முகப்பலகை, உள்ளே ஏணிப்படி மாதிரிக் குறுக்குச் சட்டங்கள். அப்படிச் செய்தால் கிட்டார் பாடுகிறவனை அமுக்காமல் ஒதுங்கி நிற்குமாம். இன்னொரு புதினச் செய்தியும் சொன்னார். முகப்பலகையை அடுப்பில் வாட்டி எடுக்கிறார்களாம், புது மரம் பழைய மரம் மாதிரிப் பேசுவதற்கு.

“ஆர் செய்யப் போறது?” என்று கேட்டேன்.

“தோணி செய்யிறவனுக்கு இது பெரிய வேலையோ?”

கப்பல்துறையில் ஒருவரிடம் இயந்திரங்கள் வந்த பெட்டிகளை உடைத்த பைன் பலகை கிடைத்தது. முதுகுக்குப் பலா. வாட்டுவதற்கு இவருடைய கூட்டாளி பாண் சுடுகிற பேக்கரிப் போறணை. பாண் எடுத்த பிறகு அடங்குகிற சூட்டில் பலகையை வைத்தார்கள். “பாணுக்க மரத்தூள் எண்டு சனம் என்னைத்தான் ஏசும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டாளி அடிக்கொருதரம் போறணைக் கதவைத் திறந்து பார்த்தாராம். பலகை தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. முதல் பலகை கரியாகப் போன கதையை இவர் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

கிட்டார் உருவாகிக் கம்பி கட்டிய அன்று வாசித்துப் பார்த்தேன். என்ன சொல்ல, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன உடம்புக்குள்ளிருந்து காய்ந்த, இளஞ்சூடான ஒரு சத்தம். பிறந்த அன்றே வயது போன குரல். இவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் கூட்டாளியும் நின்றதால் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மாரி தொடங்கியிருந்தது. துறைமுகக் காற்றில் உப்பும் ஈரமும். வாட்டிய மரம் தண்ணீர் குடித்துப் பிளந்துவிடும் என்று இவருக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் கம்பிகளைக் கழற்றி, துளைக்குள் கையை விட்டு, தோணிக்குப் பூசுவது போலச் சுறா எண்ணெயை உள்ளே நன்றாகப் பூசிவிட்டார். முகப்புக்கும் ஒரு பூச்சு. நான் வந்து படலையைத் திறக்கும்போதே மணம் அடித்தது. வாசலில் பூனைகள் காத்திருந்தன.

கம்பியைத் திரும்பக் கட்டித் தட்டினேன். ‘தொக்’ என்றது. அவ்வளவுதான். எண்ணெய் குடித்த பலகை ஊமையாகிவிட்டது.

“உங்களுக்கு மண்டைக்குள்ளயும் சுறா எண்ணெயோ?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். இவர் பூனைகளைத் துரத்துகிற சாட்டில் வெளியே போனார். இன்னொன்று செய்ய நேரமில்லை. பிறக்கப்போகிற தையில் கலியாணம்.

அந்தக் கோபத்தோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். “உங்கட மச்சான் செய்த வேலையைப் பாருங்கோ,” என்று வாசித்துக் காட்டினேன். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பினூடே, பகிடிக்கு, ஒத்திகையில் நிறுத்திய அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“திரும்ப வாசி,” என்றார்.

வாசித்தேன். தட்டியதும் சத்தம் விழுந்து செத்துப்போனது. விழுந்த இடத்தில் அண்ணனுடைய சின்னக் குரல் தனியாக நின்றது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எண்ணெய் பூசாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்குமோ, எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு அந்தக் கிட்டார் பொருந்திப்போனதை நான் இவரிடம் உடனே சொல்லவும் இல்லை. ஒரு கிழமையாவது குற்ற உணர்ச்சியோடு வீட்டு வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

கலியாணத்தன்று மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்புக்குப் புறப்பட வாகனத்தோடு நின்றார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர் கருவாட்டைத் தேடுவது போலச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் மைக் இல்லாமல் தொடங்கினார். முன்னுக்கு நின்றவர்கள் பின்னுக்கு நின்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். யாரோ போய் மின்விசிறியை நிற்பாட்டினார்கள். அவ்வளவு சனத்துக்குள்ளும் அந்தச் சின்னக் குரல் கேட்டது. மருமகள் தகப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வரி முடிந்தது. மருமகள் அசையவில்லை.

“போங்கோ மகள். பாட்டு முடிஞ்சுது,” என்றார் அண்ணன்.

என் விரல்கள் இன்னும் கம்பிகளை அமுக்கிக்கொண்டிருந்தன. வேறு எந்தக் கிட்டார் என்றாலும் கடைசிச் சத்தம் கொஞ்ச நேரம் காற்றில் நின்றிருக்கும். அது கேட்கிறவரை பிள்ளையும் நின்றிருப்பாள். இதில் சத்தம் மிஞ்சவில்லை. அவள் தகப்பனுடைய கையை விட்டாள்.