அண்ணிக்கு அளவெடுத்த வண்டி

கல்யாணப் படம் எடுக்க வந்தவர் எங்கள் அண்ணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, பெண் உட்காரட்டும், மாப்பிள்ளை பின்னால் நிற்கட்டும் என்பதுதான். அண்ணி உட்காரவில்லை. அண்ணனின் தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அண்ணனின் தலை அண்ணியின் காதுக்குக் கீழேயே முடிந்துவிடும். இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அண்ணிக்கு வேலை, விவசாயிகளின் சோலார் பம்புகளைப் பழுது பார்ப்பது. மற்றவர்கள் ஏணி வைத்து ஏறித் துடைக்கிற பேனலை அவர் தரையில் நின்றபடியே எட்டிவிடுவார் என்பதால் கம்பெனியில் அவருக்கு ஏணியக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பம் என்று கூப்பிட்டார்களாம், அதற்கு இது எவ்வளவோ தேவலை என்பார்.

பம்பு இருக்கிற இடங்களுக்குக் கார் போகாது. சரளைக்கல், ஓடை, மாட்டுத்தடம் எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டும். அதற்காகத்தான் ஓர் அட்வென்சர் பைக்கை வாங்கினார்கள். இரண்டு பக்கமும் தகரப்பெட்டி, அதில் அண்ணியின் ஸ்பேனர்களும் ஒயர்களும். வாங்கும்போதே பேச்சு, வண்டி இரண்டு பேருக்கும் பொது என்று. வேலை நாளில் அண்ணிக்கு, விடுமுறையில் அண்ணனுக்கு. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், வாரம் முழுக்க நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறவர், அவரும் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அண்ணிக்கு ஆசை. அண்ணனின் கால் தரையில் படவேண்டுமே என்று தாழ்ந்த சீட்டாகப் பார்த்து எடுத்தார்கள்.

அதில் அண்ணி உட்கார்ந்தால் முட்டிகள் இரண்டும் வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோல் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். நான் அண்ணனின் தங்கை, அதே வீட்டு மாடியில் இருக்கிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் முட்டிவலி வந்தது. பிறகு கை மரத்துப் போனது. அப்புறம்தான் தலைவலி. அண்ணி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் மாடிப்படியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். காதுக்குள் ஓயாமல் இரைகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார்.

அண்ணியின் அம்மாவுக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. பிறகு மூளையில் கட்டி என்றார்கள். அண்ணி படித்துக்கொண்டிருந்தபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி இதைப் பற்றிப் பேசவே மாட்டார். அன்று படியில் உட்கார்ந்தபடி அவரே சொன்னார்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் காது இரைஞ்சுது. உங்க அண்ணன்கிட்ட சொல்லாத. பயந்துடுவாரு."

சொல்லாமல் இருப்பதாவது. மறுநாள் காலை மூன்று பேருமாக மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியைப் படம் எடுக்கிற இயந்திரத்துக்குள் படுக்க வைத்தபோது அவருடைய பாதங்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார். எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர், அன்று தன் மூக்குக்கண்ணாடியில் படிந்த வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அண்ணியின் பின்கழுத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அண்ணி நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"தலைக்குள்ள ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு. கழுத்துதான் பாவம், கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. தினமும் யாராவது உங்க தலையப் பிடிச்சு ஆட்டுறாங்களா என்ன?"

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்துவது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகவே வந்தன. அண்ணன் டாக்டரம்மாவுக்கு மூன்று தடவை நன்றி சொன்னார். வெளியே வந்ததும் எதிர்க்கடையில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கி நடைபாதையில் நின்றே சாப்பிட்டோம். நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி ஓரமாகப் போட்டதுபோல் இருந்தது.

உயிருக்குப் பயமில்லை என்று ஆனதே தவிர வலி போகவில்லை. மலைப்பக்கத்து ஊர்கள் அண்ணியின் பொறுப்பு, அங்கே போய்வர ஒரு பகல் முழுக்க வண்டியில் இருக்க வேண்டும். அந்த ஊர்களை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மேலாளரிடம் சொல்லப்போவதாக அண்ணி சொல்ல ஆரம்பித்தார். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மலைவழி என்றால் உயிர்.

அந்த வாரமே ஒரு மதியம் எனக்குப் போன் வந்தது. பின்னணியில் ஆடு கத்துகிற சத்தம்.

"தலையப் பிடிச்சு ஆட்டுறது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் அண்ணி.

நடந்தது இதுதான். குண்டும் குழியுமான பாதையில் கால்வைக்கிற கம்பிமேல் எழுந்து நின்று ஓட்டியிருக்கிறார். நின்ற மாத்திரத்தில் காதிரைச்சல் அடங்கிவிட்டது. உட்கார்ந்தார், ஹெல்மெட் கடகடவென்று ஆடியது. மறுபடி நின்றார், அமைதி. முன்னால் நன்றாகக் குனிந்து பார்த்தார், அப்போதும் அமைதி. காற்றைத் தடுக்க வண்டியின் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறதல்லவா, அதன்மேல் மோதி எகிறுகிற காற்று சரியாக அண்ணியின் நெற்றி உயரத்துக்கு வந்து அடிக்கிறது. நடுத்தர உயரக்காரருக்கு அது தலைக்குமேலே போய்விடும். தலை வலிக்கிறதே என்று சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இன்னும் உயரமான தகடாக மாற்றியிருந்தார். அதில் வினை இன்னும் கூடிப்போயிருந்தது.

அடுத்த விடுமுறையில் அண்ணியும் நானும் மெக்கானிக்கிடம் போனோம். அவருக்கு எங்கள் பக்கத்தில் ‘நாளைக்கு’ என்றுதான் பெயர். எப்போது கேட்டாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். வேலையில் குறை சொல்ல முடியாது, நாள்தான் தள்ளிக்கொண்டே போகும். அவர் அண்ணியை வண்டியில் உட்காரச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முட்டி மடங்குகிற இடத்தில் என்னை டேப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு தகரப்பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டு, தகட்டை மாற்ற வேண்டும், கைப்பிடியை உயர்த்த வேண்டும், கால்கம்பியைத் தாழ்த்த வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டை உயர்த்த வேண்டும் என்றார்.

சீட்டைத் தவிர மற்றதெல்லாம் செய்யுங்கள் என்றார் அண்ணி.

தகட்டைப் பாதியாக வெட்டச் சொன்னபோது ‘நாளைக்கு’ தயங்கினார். எல்லோரும் பெரிதாகப் போடச் சொல்லித்தான் வருவார்கள், வெட்டச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றார். சரி, முதலில் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று திருகாணிகளைக் கழற்றினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் காற்று அண்ணியின் நெஞ்சில் அறைந்தது, சட்டை படபடத்தது, ஆனால் ஹெல்மெட் அசையவில்லை. அண்ணி ஒரு கையை விட்டுத் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அரம் போட்டு விளிம்பு மழுங்கும்படி வெட்டிக் கொடுத்துவிட்டார் ‘நாளைக்கு’.

கைப்பிடியை உயர்த்துவதில்தான் கூத்து நடந்தது. அடியில் கட்டைகளைக் கொடுத்து உயர்த்தி, அண்ணியை ஏறவிடாமல் தானே முதலில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லிப் பட்டறைக்குள்ளேயே வட்டம் போட்டார். கைப்பிடியை முழுதாகத் திருப்பியதும் ஆக்சிலேட்டர் ஒயர் இழுபட்டது. அவர் முறுக்காமலே என்ஜின் அலற, வண்டி நேராகப் பழைய டயர் குவியலுக்குள் போய்ப் புகுந்து நின்றது. ஒரு டயர் அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. அடி ஒன்றுமில்லை. டயரைக் கழற்றாமலேயே, ஒயர் நீளம் பத்தலை, வேற போடணும் என்றார். எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை.

நீள ஒயர் வந்தது. கால்கம்பியும் தாழ்ந்தது. கியர்மிதியைத் தாழ்த்த மறந்துபோய் அண்ணி முதல் நாள் கியரைத் தேடித் தேடிக் காற்றை உதைத்துக்கொண்டு போனார், அதையும் சரி செய்தார்கள். தலைவலி விட்டது, கை மரத்துப்போவதும் நின்றது. முட்டி மட்டும் விடவில்லை. சீட்டு ஏறாமல் அது தீராது என்று ‘நாளைக்கு’ கையை விரித்துவிட்டார். அண்ணி மசியவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னார், ஏற்றிவிட்டால் உங்கள் அண்ணனால் அந்த வண்டியைத் தொடவே முடியாது, அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அது, என் முட்டிக்காக அதையும் பிடுங்கவா என்று.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அண்ணனின் கடைக்குப் போனேன். அவர் ஒரு சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. சட்டத்தை அப்படியே மேசையில் வைத்தார். கடையை அடைத்துவிட்டு என்னோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அண்ணி சமையலறையில் முட்டியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படியிலேயே நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு அந்த வண்டின்னாலே பயம். சீட்டு தாழ்ந்திருந்தும் நுனிக்காலுதான் எட்டுது, சாலை ஓரத்துத் திட்டு பக்கத்துல இருந்தாதான் நிறுத்துவேன். ஒரு கால அதுமேல வெச்சுக்கலாம்ல. ரெண்டு தடவ சிக்னல்ல சாஞ்சு விழுந்திருக்கேன். யாரோ வந்து தூக்கி விட்டாங்க."

"அப்புறம் ஏன் ஓட்டுனீங்க?"

"நீ ஆசைப்பட்டு வாங்கின. நான் கிளம்பறப்ப வாசல்ல நின்னு டாட்டா காட்டுவ. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அப்படி விழுந்த பிறகு, விடுமுறை நாட்களில் காற்று வாங்கப் போனவர், உண்மையில் முதல் தெருவைத் தாண்டியதும் திட்டு உள்ள ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நூலகத்தில் பத்திரிகை படித்துவிட்டு வந்திருக்கிறார். அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கக் கூடாது என்று சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. அண்ணனும் சிரித்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு முகமே மாறியிருந்தது. தண்டனை முடிந்து வெளியே வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இன்னிக்கு நல்லாத் தூங்குவேன் என்றார்.

அதற்குப் பிறகு சீட்டு வேலை மளமளவென்று நடந்தது. சீட்டு தைக்கிறவர் எடுத்தவுடன் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவில்லை. பழைய உடற்பயிற்சிப் பாயைத் துண்டு துண்டாக வெட்டிச் சீட்டின்மேல் அடுக்கிக் கட்டிக் கொடுத்து, நாலு நாள் இப்படியே ஓட்டுங்கள், அதிகமானால் ஒன்றை உருவுங்கள், போதாவிட்டால் ஒன்றைச் செருகுங்கள் என்றார். அண்ணியும் ஒன்றை உருவி, பிறகு அதையே செருகி, கடைசியில் இதுதான் என்று போய் நின்றார். அந்த உயரத்துக்குக் கெட்டியான பஞ்சு வைத்து, முன்னால் சறுக்காமல் சமமாகத் தைத்துக் கொடுத்தார்.

அண்ணி ஏறி உட்கார்ந்தபோது முட்டி இறங்கியிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. இத்தனை நாளும் அவர் வண்டிமேல் குந்திக்கொண்டிருந்தார், இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

மலை ஊர்களை விட்டுக்கொடுக்கிற பேச்சை மேலாளரிடம் அவர் எடுக்கவே இல்லை. புதுச் சீட்டோடு முதல் தடவை மலைக்குப் போய்விட்டு வந்த அன்று, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். மேலே ஒரு வீட்டில் பம்பு ஓடாமல் இருந்ததற்குக் காரணம் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்ட தவளை, அதை எடுத்ததும் பீறிட்ட தண்ணீரில் அந்த வீட்டுக்காரரும் இவரும் தொப்பலாக நனைந்தார்கள் என்று கைகால் ஆட்டிச் சொன்னார். சொல்லிக்கொண்டே மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்துவிட்டார்.

அண்ணன் தனக்கென்று ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார். போன விடுமுறையில் மூன்று பேரும் அணைக்கட்டுக்குப் போனோம். அண்ணி பைக்கில், நானும் அண்ணனும் ஸ்கூட்டரில். மேடு வரும்போதெல்லாம் அண்ணி உச்சியில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார்.

திரும்பும் நேரத்தில் அண்ணன் ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்தார். கரையோரத்துக் கல்மேல் ஏறி, அங்கிருந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பைக்கின் பின்சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்தார். "மெதுவா போம்மா" என்றார். அண்ணி தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். மெதுவாகவெல்லாம் போகவில்லை.