அவர் பாதி, நான் பாதி

திருநீற்றுப் புதனன்று பிரசங்கத்தில் சாமியார், "இந்தத் தவக்காலத்தில் உங்கள் செபத்தை ஆழப்படுத்துங்கள்" என்றார். நானும் வீராப்பாகத்தான் கிளம்பினேன். விடியற்காலையில் எழுந்து பைபிளைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே கண் சொக்கியது. கைபேசியில் ஒரு தியானச் செயலியை இறக்கினேன். அதில் ஒருவர் மெல்லிய குரலில் பேசப்பேச இன்னும் நன்றாகத் தூங்கினேன். முதல் வாரத்திலேயே என் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

மிச்சமிருந்தது மாலைச் செபமாலைதான். மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டில் அதை நடத்துவது எப்போதும் மாமா, என் கணவரின் அப்பா. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம்; அதன் முதல் பாதியை அவர் சொல்வார். மறுபாதியை அத்தை சொல்வார். அத்தை போன பிறகு அந்த மறுபாதி என்னிடம் வந்தது. கணவர் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து சேர நேரமாகும் என்பதால் செபத்துக்கு நாங்கள் இருவர் மட்டுமே.

மாமா தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். அந்தத் தூசி அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. இந்த வருடம் ஒரு வரியைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நடுவில் நின்றுவிடுவார். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். பேச்சைக் குறைக்கும்படி டாக்டர் கண்டித்திருந்தார். எனக்கோ அடுப்பில் குழம்பு. அவர் நின்ற இடத்திலிருந்து மீதியைக் கடகடவென்று நானே முடித்து, என் பாதியையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு மாலை கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இன்னாம்மா அவசரம்? என் பாதிய எனக்கு வுடு. நானே முடிக்கிறேன்."

"நீங்க பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே மாமா?"

"நான் உங்கூடவா பேசறேன்?"

அன்றிலிருந்து அவர் நிற்கும்போதெல்லாம் காத்திருக்க ஆரம்பித்தேன். சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் குழம்பு ஞாபகம் வந்தது, பிறகு கொடியில் கிடந்த துணி. எரிச்சல்கூட வந்தது. போகப்போக வேறு எதையும் நினைக்க முடியவில்லை. ஏனென்றால், நின்ற மூச்சு சில சமயம் சட்டென்று திரும்பி வராது. மூச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆண்டவரே, இன்னும் ஒரு மூச்சு கொடும், இந்த வரியை இவர் முடிக்கட்டும். எந்தப் புத்தகத்திலும் நான் படித்த செபமல்ல அது. என் வாழ்நாளில் ஆண்டவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மூச்சு வந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். எனக்குக் கண்ணீர் முட்டும். கணவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் நாங்கள் செபமாலையில்தான் இருப்போம்.

பெரிய வாரத்தில் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. பெரிய வெள்ளியன்று கணவருக்கு விடுமுறை. கஞ்சி குடித்துவிட்டு மாலையில் அவரும் நானும் கட்டிலருகே உட்கார்ந்தோம். மாமா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு செபமாலையை என் கையில் வைத்து, நீ சொல் என்பதுபோலத் தலையசைத்தார்.

முதல் பாதியை நான் தொடங்கினேன். அது அவருடைய பாதி. வழக்கமாக அவர் மூச்சு நிற்கும் இடம் வந்தபோது நானும் நின்றுவிட்டேன். இனி இதை அவர் குரலில் கேட்கவே மாட்டேனோ என்ற பயம். அடுத்த சொல் வரவில்லை. கணவர் என்னைப் பார்த்துவிட்டு, மீதியைத் தானே முடித்துவிட வாயெடுத்தார்.

மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.