கோசிமாவின் வீடும் ஒரோன்சோவின் பத்திரமும்

ஒரோன்சோ காலையிலேயே வழவழவென்று சவரம் செய்து, கழுத்தில் வாசனைத் தைலத்தைக் கொட்டிக்கொண்டு, "தங்கம், கிளம்பலாமா?" என்று கேட்டபோதே கோசிமா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இந்தத் தங்கம் மூன்று மாதமாகத்தான் உண்டு. அதற்கு முன்னால் "ஏய்", "எங்க போய்த் தொலைஞ்ச", நாலு பேர் பக்கத்தில் இருந்தால் "கோசிமா". மூன்று மாதத்துக்கு முன்புதான் அவளுடைய சித்தி லிபோரியா கண்ணை மூடினாள். கடலைப் பார்த்த வீட்டைக் கோசிமா பேருக்கு எழுதி வைத்திருந்தாள். தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது இத்தாலியின் லெச்சே நகருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கோயிலில். பூசை முடிந்ததும் பாதிரியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னறைக்கு அழைத்துப் போய், சொத்து சேர்ந்தா, தனித்தனியா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கடை கண்ணி வைத்திருக்கிற குடும்பமெல்லாம் அந்த ஊரில் தனி என்றுதான் சொல்லும். வியாபாரம் படுத்தால் பெண்டாட்டி பேரில் இருப்பதாவது தப்பும் என்று ஒரு கணக்கு. பெண்டாட்டி பேரில் எதையாவது வாங்கி வைத்தால்தானே அது தப்பும்? அதை மட்டும் ஒருத்தரும் யோசிப்பதில்லை. மாமியார் முந்தின நாளே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"தனின்னு சொல்லிடும்மா. வேற எதுவும் பேசாத. வெளிய போட்டோக்காரன் காத்துக்கிட்டிருப்பான்."

கோசிமாவும் சொன்னாள். வெள்ளைக் கவுனில் மை படக்கூடாதே என்ற ஒரே கவலையோடு கையெழுத்தும் போட்டாள்.

அதன் பிறகு ஒரோன்சோவின் கல் பட்டறையில் அவள் பார்க்காத வேலை இல்லை. மஞ்சள் கல்லை அறுக்கும்போது பறக்கிற தூள் அவள் தலைமுடியிலும் ரொட்டி மாவிலும் நுரையீரலிலும் ஏறியது. வருகிறவர்களிடம் விலை பேசினாள், லாரிக்காரனோடு சண்டை போட்டாள், மத்தியானம் எட்டு ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. பட்டறை ஒரோன்சோ பேரில். அதன் மேல்மாடியில் அவர்கள் குடியிருந்த வீடும் அவன் பேரில். மூன்று தடவை வாய்விட்டுக் கேட்டாள், நோட்டரியிடம் போய்ப் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த சொத்தாக மாற்றிக்கொள்ளலாமா என்று. மூன்று தடவையும் ஒரே பதில்தான்.

"ஏன், நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டிருக்கியா?"

நாலாவது தடவை கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சித்தி போனதும் அதே ஒரோன்சோ தானாக வந்து உட்கார்ந்து, அவள் முழங்காலில் கை வைத்து, "நமக்குள்ள என்ன உன்னுது என்னுது? பட்டறை, மாடி வீடு, உன் கடலோர வீடு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடுவோம். பாதி பாதி" என்றான். அந்தக் கையின் ஈரம் பட்டதும் அவள் காலை நகர்த்திக்கொண்டாள். ஆனாலும் சரி என்றாள். மனுஷி முப்பத்தொரு வருடமாக 'நம்முடையது' என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள், அதுதான் காரணம். அதை நினைத்தால் அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது.

கிளம்பிப் போன அந்தக் காலை, நோட்டரி அலுவலகத்தில் ஒரு சிக்கல். இந்தப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் செல்லும். உறவுக்காரர்கள் கூடாது. வழக்கமாக அலுவலகப் பெண்கள் இருவர் உட்காருவார்கள். அன்றைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல். ஒரோன்சோ படியிறங்கி ஓடி, கீழே காப்பிக் கடை வைத்திருக்கும் வீத்தோவை ஏப்ரனோடு இழுத்து வந்தான். வீத்தோ சும்மா வரவில்லை, சூடான பாஸ்டிச்சோட்டோ பலகாரம் ஆறு கொண்டுவந்தான். ஒரோன்சோ இரண்டை அங்கேயே தின்றான். உள்ளே இருக்கும் மஞ்சள் பாகு அவன் உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. அதோடே அவளைப் பார்த்துச் சிரித்தான். கோசிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நோட்டரி முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்தார். அது அவர்கள் வழக்கம், ஒரு வரி விடக்கூடாது. பொதுச்சொத்தில் சேர்பவை என்ற இடத்தில் கடலோர வீடு வந்தது. அதன் திண்ணை, கிணறு, பின்புற அத்திமரம் எல்லாம் வந்தன. பிறகு முற்றுப்புள்ளி.

"பட்டறை எங்கங்க?" என்றாள் கோசிமா.

நோட்டரி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "ஒருத்தர் தொழில் நடத்துற சொத்தை இதுல சேர்க்க முடியாதும்மா. சட்டம் விடாது. மாடி வீடும் பட்டறையோட ஒரே பதிவுல இருக்கு, உங்க வீட்டுக்காரர் அதைப் பிரிக்க வேண்டாம்னுட்டார். போன மாசமே அவருக்கு விளக்கிச் சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சட்டம் அப்படி இருந்தா நான் என்ன பண்ண முடியும், தங்கம்?" என்று ஒரோன்சோ தோளைக் குலுக்கினான்.

அப்போதும் பேனாவைக் கையில்தான் வைத்திருந்தாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவானேன், போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழலாம் என்றுகூட நினைத்தாள். அவள் தயங்குவதைப் பார்த்த வீத்தோ, நல்ல மனுஷன், குறுக்கே பேசினான்.

"போடுங்கக்கா, நல்ல காரியம்தானே. ஜூன் மாசம் இப்பாசியோ அந்தக் கடலோர வீட்டுல ரூம் வாடகைக்கு விட ஆரம்பிச்சா காலைப் பலகாரமெல்லாம் என் கடையிலேருந்துதான். முன்பணமே குடுத்துட்டான் பையன்."

இப்பாசியோ ஒரோன்சோவின் அக்கா மகன். கோசிமாவுக்குப் பிள்ளை இல்லை, அவனைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள். சித்தி போன மறுவாரமே கடலோர வீட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வந்தவன், சித்தியின் துணிகளை வீச்சமடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் வீசினான். சுவர் சுவராக அளந்தான். ஜன்னலுக்குத் திரை தைக்கத்தான் அளக்கிறான் என்று நம்பி, அவள் அவனுக்கு மீன் பொரித்துப் போட்டாள். இரண்டு தட்டு.

அது திரைக்கான அளவு இல்லை என்று இப்போதுதான் புரிந்தது. கோசிமா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"நான் போடலைன்னா என்ன ஆகும்?" என்று நோட்டரியைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. உங்களுது உங்களுக்கு, அவருது அவருக்கு. இப்ப இருக்கிற மாதிரியே."

"அப்படியே இருக்கட்டும்."

"சின்னப் பய, ஏதோ ஆசைப்பட்டுட்டான்" என்று ஒரோன்சோ எழுந்தான். உதட்டோரத்துப் பாகு இன்னும் அங்கேயே இருந்தது. "நம்ம ரத்தம் கோசிமா. நமக்குன்னு வேற யாரு இருக்கா?"

"உன் ரத்தம். உன் பட்டறை. முதல்ல வாயத் தொடச்சுக்க, பாக்கச் சகிக்கல."

வீத்தோ ஏப்ரனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கோசிமா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கடலோரத்துக்குப் பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருந்தது.

"கோசிமா!" என்று பின்னாலிருந்து ஒரோன்சோ கூப்பிட்டான்.

அவள் நின்றாள். பொய் சொல்வானேன், அப்போதுகூட ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பாள். தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லக்கூட வேண்டாம். உட்கார், தண்ணி குடி என்றிருந்தாலே போதும். கைப்பிடியை விடாமல் காத்திருந்தாள்.

"மத்தியானம் எட்டு ஆளு சாப்பாட்டுக்கு வருவாங்களே," என்றான் ஒரோன்சோ, "அதுக்கு என்ன பண்றது?"

கோசிமா கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.