வாரீகளா, வர்றீங்களா?

காரைக்குடியில் நாங்கள் நடத்திய அந்நியத் துணிக்கடை மறியலுக்குப் புதிதாக வந்த ஒருவர் என்னிடம் "வர்றீங்களா?" என்று கேட்டபோது எனக்குப் பொறி தட்டியது. காரைக்குடிக்காரர் என்றால் "வாரீகளா" என்றல்லவா கேட்பார்? மாறுவேடப் போலீஸ் என்று கூவிவிட்டேன். கூட்டாளிகள் அவரை அடித்துத் துரத்தினார்கள்.

மறுநாள் எங்களை லாக்கப்பில் அடைத்தபோது அவர் உள்ளே தலையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்க்காரராம், வேறொரு கடை வாசலில் தனியாக மறியல் செய்து பிடிபட்டிருக்கிறார்.

"உள்ளயும் வேவு பாக்க வந்துட்டான்" என்று கூட்டாளிகள் விலகினார்கள்.

"நாந்தாண்ணே அவசரப்பட்டுட்டேன். அவரு நம்ம ஆளு."

"அப்ப ஒன்னையும் போலீஸ்காரக வளைச்சுப்பிட்டாகளா தம்பி?" என்றார் எங்கள் தலைவர்.

அதன்பின் என் அருகிலும் யாரும் உட்காரவில்லை. அவர் மட்டும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

வெளியே வந்து ஒரு வாரமாகியும் நாங்கள் இருவரும் போலீஸ் ஆட்கள் என்ற பேச்சு அடங்கவில்லை. நாளை நாங்கள் இருவரும் மறியலில் உட்காரப் போகிறோம். பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.