தீக்கும் கைக்கும் நடுவில்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. ஜனவரி 22, வியாழக்கிழமை, மாலை 4.52. நடு ராத்திரி கூட இல்லை, பட்டப் பகல். நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள். நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அந்தக் கையெழுத்தால்தான் இத்தனையும்.

என் பெயர் சுமித்ரா. ஒசூர் பக்கம் ஒரு கேஸ் டர்பைன் சோதனைக்கூடத்தில் இன்ஸ்பெக்டர். என் கணவர் யுவராஜும் அங்கேதான் வேலை பார்த்தார். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அவர் பொறுப்பு.

எஞ்சினில் தீ எரிகிற இடத்தில் லைனர் என்று ஓர் உலோக உருளை இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டுக்கு அது உருகிப் போக வேண்டும். போகாததற்குக் காரணம், அதன் சுவரில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள். அவற்றின் வழியாக வரும் காற்று சுவரை ஒட்டியே மெல்லிய படலமாக ஓடும். தீக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் படலம் ஒன்றுதான் காவல். ஒரே இடத்தில் நாலைந்து துளைகள் அடைபட்டால் போதும், அங்கே சுவர் பொத்துக்கொள்ளும்.

அதனால் ஒவ்வொரு லைனரிலும் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். எல்லாத் துளையிலும் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சாத துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறப்போம். அதன் பிறகு சூடு தாங்கும் பூச்சு ஒரு சொட்டு அடித்தாலும் அது துளையை அடைக்கலாம் என்பதால், தண்ணீர்ச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அது விதி.

போன ஜூலை 29. ஒரு லைனரைச் சோதித்து முடித்த பிறகு அதில் ஒரு கீறல் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் மட்டும் பூச்சைத் தொட்டு அடித்தார்கள். உள்ளங்கை அகலம்தான். மறுசோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் இவர் ஊரான கொல்லிமலைக்குப் போக வேண்டும். மறுநாள் எஞ்சின் ஓடினால்தான் இவருக்கு லீவு. உள்ளங்கை அகலம்தானே என்று, படிவத்தில் மறுசோதனைக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். பார்க்காமலே போட்டேன்.

மறுநாள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது லைனர் பொத்துக்கொண்டது. வெளியே வந்த தீ எரிபொருள் குழாயைப் பிடித்தது. தானாக மூட வேண்டிய வால்வு மூடவில்லை. அதைக் கையால் மூட இவர் உள்ளே ஓடினார். மூடிவிட்டார். வெளியே வரவில்லை.

ஆறு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த லைனரின் காகிதங்களை விசாரணைக்காக உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். ஜனவரி 27-ல் அதைப் பிரிக்கப் போவதாகக் கடிதம் வந்தது. பிரித்தால் என் கையெழுத்து இருக்கும். ஊர் அறிவதற்குள் அவரைப் பெற்றவளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் மலை ஏறினேன்.

என் மாமியார் பொன்னாயி கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு நாள் இருந்தும் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள், ஜனவரி 22 காலையில் அவர் கிளம்பினார்.

"சேந்தமங்கலம் போயி கண்ணுக்கு மருந்து வாங்கிட்டு வாரேன் கண்ணு. அடுப்புத் தீ மட்டும் அணைஞ்சிராம பாத்துக்க."

"சரிங்க அத்தை."

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டால், வந்ததும் படித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். படித்த பிறகு அதையே விசாரணைக்கும் கொடுத்துவிடலாம்.

3.40. மூடுபனி வாசல் வரை வந்துவிட்டது. கதவைச் சாத்தினேன். அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

4.05. கண் எரியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஈர விறகு. வீடு முழுக்கப் புகை. ஆனால் என் முகத்துக்கு ஒரு சாண் தூரம் வந்ததும் புகை இரண்டாகப் பிரிந்து போனது. காற்று வாக்கில் அப்படிப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4.20. ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். தண்ணீர் கொதிக்கிறது என்று மூடியைத் திறந்தேன். ஆவி இல்லை. விரலை விட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. நாற்பது நிமிடமாக எரிகிற அடுப்பு!

குனிந்து பார்த்தேன். தீ பானையைத் தொடவில்லை. சுற்றிலும் விரலகலம் தள்ளியே நின்று எரிந்தது.

இதை நான் பார்த்திருக்கிறேன். சோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே, அவர் தோளோடு தோள் நின்று, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

4.31. மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த வாசம் வந்தது. அவர் வேலைச் சட்டையின் வாசம்.

"ஏனுங்க...?"

சத்தம் நின்றது. பிறகு மறுபடியும்... ஸ்ஸ்ஸ்... இந்த முறை என் காதுக்குப் பக்கத்தில்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. அழுதுகொண்டே எழுதினேன்.

4.50. எழுதி முடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

4.52. காகிதத்தை யாரோ இழுத்தார்கள்.

இழுத்தார்கள்... பறக்கவில்லை.

மடியிலிருந்து நழுவி நேராக அடுப்புக்குள் போனது.

கையை விட்டேன்.

ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. தீ முழங்கை வரை ஓடியது.

வலிக்கவில்லை.

என் தோலிலிருந்து விரலகலம் தள்ளி எரிந்தது.

நடுவில் குளிர்...

மணிக்கட்டிலிருந்து மேலே... மேலே...

யாரோ வாய் வைத்து ஊதுவது போல.

காகிதம் சாம்பலானது. உடனே கையில் இருந்த தீ அணைந்தது.

"விடுங்க! நான் சொல்லித்தான் ஆவோணும்... விடுங்க!" என்று வெறும் வீட்டில் கத்தினேன். பானைத் தண்ணீர் மட்டும் ஒரேயடியாகப் பொங்கி வழிந்தது.

ஸ்வெட்டர் கை தோள் வரை கருகிப்போயிருந்தது. என் கையில் ஒரு ரோமம் கூடப் பொசுங்கவில்லை. மணிக்கட்டில் மட்டும் கடுகளவு ஒரு கொப்புளம். ஒரே ஒரு துளை அடைபட்டிருந்தால் எவ்வளவு சுடுமோ, அவ்வளவு.

இருட்டிய பிறகு அத்தை வந்தார். என் கையைப் பிடித்ததும் திடுக்கிட்டார்.

"ஏஞ் சாமி, கை இப்பிடி ஐஸாட்டம் இருக்குது?"

நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்போதும் கோழைதான்.

ஜனவரி 27. விசாரணை அதிகாரி மாதேஸ்வரன் என் கண் முன்னால் உறையைப் பிரித்தார். ஆகஸ்ட் 2-ல் மூன்று பேர் கையெழுத்தோடு வைத்த முத்திரை உடையாமல் இருந்தது. அவர் காகிதத்தை எடுப்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"சார், மறுசோதனைக் கட்டத்துல இருக்கறது என் கையெழுத்துங்க. பாக்காமயே போட்டேனுங்க."

அவர் படித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

முதல் சோதனையில் என் கையெழுத்து இருந்தது. மறுசோதனைக் கட்டத்தில் இல்லை. அங்கே என் கணவரின் இடது பக்கம் சாய்ந்த எழுத்தில், யுவராஜ். அடித்து எழுதிய தடம் கூட இல்லை. அதற்குக் கீழே நேரம், 4.52.

தேதி, ஜனவரி 22.

"அவசரத்துல தேதிய மாத்தி எழுதிட்டாரு போலங்கம்மா. வூட்டுக்காரர் பேரைக் காப்பாத்தப் பாக்கறீங்க. புரியுதுங்க" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தவறு இறந்தவருடையது என்று அறிக்கையில் எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தார்.

"எம் பையன் பண்ணுன தப்புலதான் செத்தான்னு சொல்றாங்களே கண்ணு... நெசமா?"

"இல்லீங்க அத்தை. நான்தானுங்க... தப்பு என்னுதுங்க."

கொஞ்ச நேரம் அவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எதுக்குச் சாமி அவன் பழிய உன் தலைல போட்டுக்கற? நீயாச்சும் நல்லா இரு."

உயிரோடு இருந்தபோது ஒரு முறை தீக்குள் போனார். செத்த பிறகும் எனக்காக இன்னொரு முறை போயிருக்கிறார். என் மேல் ஒரு பொறி பட விடமாட்டேன் என்கிறார். எனக்கு அது வேண்டாம். அவரைப் பெற்றவள் அவரைக் குறை சொல்லி அழுகிறாள். அந்தச் சூட்டை என்னால் தாங்க முடியவில்லை.

விசாரணையில் நம்பவில்லை. அத்தையும் நம்பவில்லை. பேய்க் கதை படிக்கிறவர்களாவது நம்புவீர்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். மணிக்கட்டுக் கொப்புளம் இன்றுவரை ஆறவில்லை. எனக்கென்று கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

நம்புங்கள். அந்தக் கட்டத்தில் முதலில் இருந்தது என் கையெழுத்து.