எங்கள் கால்களுக்காக அம்மா சுமந்த பழி

எனக்கும் தங்கைக்கும் கால்கள் முழங்காலுக்குக் கீழே வளைந்திருக்கும். நடுவில் பிறந்த தம்பி நேராக வளர்ந்தான். எங்கள் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் இதற்கு ஒரே விளக்கம்தான்: அம்மா ஆண்பிள்ளைக்குப் பாலை ஊற்றிவிட்டு எங்களைக் காயப்போட்டாள்.

அப்படி முதலில் சொன்னது அப்பாவின் அக்கா. வரும்போதெல்லாம் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ளைன்னா ஒனக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று அம்மாவைக் கேட்பாள். உண்மையில் முட்டையும் மீனும் எங்கள் தட்டில்தான் அதிகம் விழும். கால்சியம் மாத்திரையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தோம். வலி விடவில்லை. அப்பாவும் குள்ளம், அவருக்கும் கால் வளைவுதான். ஆனால் அது அலைக்கு ஈடுகொடுத்துப் படகில் நின்று வளைந்த கால் என்று ஊரே பெருமையாகப் பேசும்.

சுனாமிக்குப் பிறகு, ஊர் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம், தொடை எலும்பில் விரிசல் விட்டு நான் படுத்துவிட்டேன். புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் என் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார். பிறகு அப்பாவை அறைக்குள் நடந்துகாட்டச் சொன்னார்.

"எலும்பு சும்மா ஒடம்பைத் தாங்கிட்டு நிக்கிறதுன்னு நெனைக்கிறோம். அதுவும் ஒரு ஹார்மோன் சுரக்குது. எலும்புக்கு உறுதி குடுக்கிற பாஸ்பேட் உப்பை வெளியே தள்ளுன்னு சிறுநீரகத்துக்குச் சொல்றதே அதுதான். இந்தப் பொண்ணோட எலும்பு அதை அளவுக்கு மேல விடுது. என்ன சாப்பிட்டாலும் பாஸ்பேட் ஒடம்புல தங்காது. இதைக் கண்டுபிடிச்சே கொஞ்ச வருஷந்தான் ஆவுது" என்றார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "நான் சரியா குடுக்காததாலயா டாக்டர்?"

"இல்லம்மா. இது அப்பாகிட்டேருந்து வந்தது. அப்பாவுக்கு இருந்தா பொண்ணுங்க எல்லாருக்கும் வரும். பையனுக்கு அவர்கிட்டேருந்து வராது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஊர் திரும்பிய மறுநாளே அத்தை வந்துவிட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு தம்பி?"

"ஏதோ ரத்தத்துல உப்புக் கம்மியாம்" என்றார் அப்பா.

"முழுசா சொல்லுங்க" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

பிறகு நான்தான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்க வம்சத்துல ஏதுடி நோயி? ஆத்தாக்காரி சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்கா."

பாஸ்பேட் மருந்தைக் கரைத்து நாள் முழுக்கக் குடித்தோம். எனக்கு வலி குறைந்தது, ஆனால் வளர்ச்சி முடிந்துவிட்டதால் வளைவு நிமிரவில்லை. தங்கைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தது. அதைப் பார்த்த அத்தை, "இப்பவாச்சும் ஒழுங்கா சோறு போடுறா" என்று தெருவில் சொன்னாள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நோய் வந்ததற்கு அவர் என்ன செய்வார்? அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று தெருவில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். சாகும்வரை பேசவில்லை. அவர் சாவு வீட்டிலும், எங்களைச் சுட்டிக்காட்டி யாரோ அம்மாவின் வளர்ப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.