சுண்ணாம்பு வாளியில் விழுந்த பூனை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் எங்கள் பூனைக்கு ஷாம்பு வாங்கிவந்தாள். மூடியைத் திறந்ததும் ஸ்ட்ராபெர்ரி வாசம். பூனையை நனைத்ததும் அது போய், ஈரப் பூனை வாசம் வந்துவிட்டது. ஈரச் சாக்கும் கொஞ்சம் மீனும் கலந்தாற்போல் இருக்கும். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் தெரியும். எனக்கு உடனே செல்வி ஞாபகம்தான் வந்தது.

ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. செல்வி கணக்கு டீச்சர், நான் தமிழ். இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அங்கே தானாக வந்து ஒட்டிக்கொண்டது ஒரு செவலைப் பூனை. செம்மி என்று பெயர் வைத்தேன். செல்வி அதைத் தொடமாட்டாள். ஒரு நாள் அவள் பொரித்து வைத்திருந்த மீனைச் செம்மி தின்றுவிட்டது.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். அரிசி தீர்ந்தால்கூடத் துண்டுச்சீட்டுதான். அதிலும் நான் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தி வைப்பேன். அந்த வயதில் அவ்வளவுதான் புத்தி.

பன்னிரண்டு நாள் இப்படியே போனது. அந்தச் சனிக்கிழமை, திருவிழாவுக்காக வீட்டுக்காரர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அணிலைத் துரத்திய செம்மி, நீலம் கலந்த சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்தது. வெளிறிய நீலத்தில் எழுந்து வந்து, உட்கார்ந்து உடம்பை நக்கத் தொடங்கியது.

"நக்க விடாத. வாயி வெந்துரும்" என்று செல்வி ஓடிவந்தாள். பன்னிரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் பூனையைப் பிடித்து, ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்க்கப் போனேன். செல்வி வாளியைப் பிடுங்கினாள்.

"மூஞ்சில ஊத்தாத, மூச்சு முட்டிரும். கழுத்துக்குக் கீழதான். இங்கிட்டுக் குடு."

தான் குளிக்க வைத்திருந்த வெந்நீரை விளாவி, முழங்கையால் சூடு பார்த்தாள். பூனையின் கால் வழுக்காமல் இருக்க, துணி துவைக்கும் டப்புக்குள் சாக்கை விரித்தாள். அவள் பிடித்துக்கொள்ள, நான் மக்கால் மெதுவாக ஊற்றினேன். செம்மி கத்திய கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. ஐந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தன் துண்டிலேயே சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். செம்மிக்கு நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

"ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"வீட்ல மூணு பூன இருந்துச்சு. மூணும் செத்துப்போச்சு. அப்பறம் எந்தப் பூனையவும் தொடுறதில்ல" என்றாள், துண்டைப் பார்த்தபடியே.

சாயங்காலம் செம்மி பால் குடித்தது. ஊற்றியது செல்விதான்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை எங்கள் கைகளில் இருந்த கீறல்களைப் பார்த்தார். "பேசாமத்தான இருந்தீங்க, இப்ப அடிச்சுக்கவே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

மூன்று வருடம் கழித்து செல்விக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாற்றல் வந்தது. செம்மியை ஒயர்கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனாள். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை; அது யாருடைய பூனை என்பது எப்போதோ முடிவாகியிருந்தது. பிறகு கடிதம், பிறகு போன், பிறகு பொங்கல் வாழ்த்து மட்டும். இப்போது அவள் எண்ணை அழுத்தினால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

சமீபத்தில் ஆவூர் போனேன். எங்கள் அறையை இடித்து ஷெட் போட்டிருக்கிறார்கள். செல்வியும் ஒரு பூனையும் சேர்ந்திருக்க இடமில்லை என்று நாங்கள் சண்டை போட்ட இடத்தில் ஒரு கார் தாராளமாக நிற்கிறது.